லேசர் டேட்டா கையில இருக்கு, அப்புறம் எதுக்கு குன்று ஏறணும்? வேல்ஸ் சின்னக் குன்றுகள் பத்தி

14 அக்டோபர் 2023, வந்த கேள்வி

"அண்ணா, வேல்ஸ் முழுசும் விமானத்துல இருந்து லேசர்ல அளந்து டேட்டாவை சும்மாவே குடுத்துட்டாங்க. அப்புறமும் ஏன் ஆளுங்க முக்காலியும் ஜிபிஎஸ்ஸும் தூக்கிட்டு 200 மீட்டர் குன்று மேல எல்லாம் மழையில நிக்கறாங்க? வீட்டுல உக்காந்தே எந்தக் குன்று எந்த வகைன்னு சொல்லிடலாமே."

14 அக்டோபர் 2023, ராத்திரி

சொல்லிடலாம் தம்பி. நானே அப்படித்தான் பண்ணிட்டு இருக்கேன், ரெண்டு குளிர்காலமா.

2020க்கும் 2023க்கும் நடுவுல வேல்ஸ் அரசு பறந்து எடுத்த லைடார், அதாவது நீங்க சொன்ன அந்த லேசர் அளவு, ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி. டேட்டாமேப்வேல்ஸ் தளத்துல போயி உங்க கட்டத்தை டவுன்லோட் பண்ணி கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல போட்டா, உச்சியில எந்தப் பிக்ஸல் பெருசுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். முன்னாடி 25,000 அளவு மேப்புல 5 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு, மேட்டுப் பக்கம் 10 மீட்டருக்கு ஒண்ணு, அதுக்கு நடுவுல என்ன இருக்குன்னு குத்துமதிப்பா சொல்லிட்டு இருந்தோம். அந்தக் காலத்துல பட்டியல் போட்டவங்களை நினைச்சா எனக்கு மரியாதைதான் வருது.

15 அக்டோபர் 2023

புதுசா வர்றவங்களுக்கு, வகைன்னா என்னன்னு சொல்லாம விட்டுட்டேன்.

இங்க குன்றை வகைப்படுத்தறது உயரத்தை வெச்சு மட்டும் இல்ல, அது சுத்துப்பக்கத்துல இருந்து எவ்ளோ தனிச்சு எழும்பி நிக்குதுங்கறதை வெச்சு. இங்க ஆளுங்க அதை டிராப்ன்னு சொல்லுவாங்க. டிராப் 30 மீட்டர் இருந்தா டம்ப், 100 இருந்தா ஹம்ப், 150 இருந்தா மேரிலின். மேரிலின் பட்டியலை 1992ல ஆலன் டாசன் போட்டார். ஸ்காட்லாந்துல 3,000 அடி தாண்டின மலைக்கு மன்றோன்னு பேரு இருக்கறதால, நடிகை மேரிலின் மன்றோவை நினைச்சு இதுக்கு மேரிலின்.

டிராப் புரியணும்னா கடல் ஏறுதுன்னு வெச்சுக்குங்க. தண்ணி ஏற ஏற குன்றுகள் ஒவ்வொண்ணா தீவு ஆகும். உங்க குன்றை அதைவிட உசந்த நிலத்தோட சேர்க்கற கடைசிக் கழுத்து முழுகற நிமிஷம் இருக்கே, அந்தக் கழுத்துதான் கணவாய், வெல்ஷ்ல பூல்ஹ். அங்க இருந்து உச்சி வரைக்கும் எவ்ளோவோ அதுதான் டிராப். ஆக அளக்க வேண்டிய இடம் ரெண்டு. உச்சி ஒண்ணு, கணவாய் ஒண்ணு.

15 அக்டோபர் 2023, சாயங்காலம்

"தப்பு எவ்ளோ வரும்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். செங்குத்துல 15 சென்டிமீட்டர் பக்கம்னு போட்டிருக்காங்க. 30 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் பெரிய விஷயமே இல்ல.

19 அக்டோபர் 2023

மேல எழுதினது தப்பு, திருத்தறேன். உச்சியில 15, கணவாயில 15, ரெண்டையும் கழிக்கறோம் இல்லையா, அப்போ தப்பு ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும். ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி மூலம் எடுத்தா 21 சென்டிமீட்டர். டிராப் 29.9 வந்தாலும் 30.1 வந்தாலும் லைடாரை மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. இது நான் பாலிடெக்னிக்ல சிவில் படிச்சப்பவே தெரிஞ்சிருக்க வேண்டிய கணக்கு.

20 அக்டோபர் 2023

அதுக்கும் ஒரு திருத்தம். அந்த 21ங்கறது ரெண்டு தப்பும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாம இருந்தாத்தான். உச்சியும் கணவாயும் 400 மீட்டர் தள்ளி ஒரே பறப்புல ஒரே கோட்டுல பதிவாகியிருந்தா, விமானத்தோட ஜிபிஎஸ் 8 சென்டிமீட்டர் மேல காட்டியிருந்தாலும் ரெண்டுலயும் அதே 8 இருக்கும், கழிக்கும்போது போயிடும். அதனால சின்னக் குன்றுக்கு லைடார் டிராப் நல்லாவே வரும், பெரிய மலைக்குக் கணவாய் 20 கிலோமீட்டர் தள்ளி வேற பறப்புல இருக்கலாம், அங்கதான் உதைக்கும்.

கடல்மட்டம் எதை வெச்சுங்கற தகராறும் டிராப்புக்குக் கிடையாது. உயரம் எல்லாம் கார்ன்வால் நியூலின்ல 1915ல இருந்து 1921 வரைக்கும் பார்த்த சராசரி கடல்மட்டத்துல இருந்து. ஜிபிஎஸ் குடுக்கற எண்ணை அதுக்கு மாத்த ஒரு கணக்கு மாடல் வேணும், 2016ல அந்த மாடலைப் புதுசாக்கினாங்க. அப்போ கும்ப்ரியாவுல காஃப் டாப்ங்கற மலை 609.606 மீட்டர்னு ஆச்சு. 2,000 அடின்னா 609.6. ஆறு மில்லிமீட்டர்ல மலைப் பட்டியல்ல ஏறிடுச்சு. மண்ணு அசையல, கணக்கு அசைஞ்சது.

2 நவம்பர் 2023

என் குன்று ஒண்ணைப் பத்தி சொல்றேன். எந்த இடம்னு இப்போ சொல்ல மாட்டேன், ஒரு குடும்பத்தோட பண்ணை நிலம் அது. கார்மார்தன்ஷயர்னு மட்டும் வெச்சுக்குங்க. மேப்புல பேரே இல்லாத குன்று.

லைடார்ல உச்சி 247.63. கணவாய் 217.71. டிராப் 29.92.

எட்டு சென்டிமீட்டர்ல போச்சு. மூணு நாள் அதையே திரும்பத் திரும்ப திறந்து பார்த்தேன், பார்த்தா எண்ணு மாறிடுமா என்ன. பட்டியல்ல இல்லைன்னு எழுதி மூடிட்டேன்.

26 நவம்பர் 2023

திறந்துட்டேன்.

ஹில்ஷேட், அதாவது வெயில் சாய்ஞ்சு விழற மாதிரி மேடு பள்ளத்துக்கு நிழல் காட்டற படம், அதைப் போட்டு, சூரியனைத் தாழ வெச்சுப் பார்த்தா கணவாய் மேல நேர்கோடா ஒரு வரம்பு ஓடுது. இயற்கை நேர்கோடு போடாது. பண்ணைக்காரருக்கு ஃபோன் பண்ணி அனுமதி வாங்கி நேத்து சனிக்கிழமை போனேன். ரெண்டு வயலுக்கு நடுவுல ஒரு க்ளவ்த், அதாவது மண்ணும் கல்லும் போட்டுக் கட்டின வேலி வரப்பு, மேல ஹாத்தார்ன் செடி. முழங்காலுக்கு மேல உசரம். நம்ம வயல் வரப்பை மூணு மடங்கு உசத்திக் கட்டி மேல முள்ளுச்செடி வெச்ச மாதிரி இருக்கும்.

லைடார்ல ரெண்டு விதமான பரப்பு குடுப்பாங்க. டிஎஸ்எம்ல மரம், வீடு எல்லாம் இருக்கும். டிடிஎம்ல அதையெல்லாம் கழிச்சுட்டு வெறும் தரை. ஹாத்தார்னைக் கழிச்சுட்டாங்க, சரி, ஆனா வரப்பு மண்ணாச்சே, அதை எப்படிக் கழிப்பான்? டிடிஎம்முக்கு அது தரைதான். கொஞ்சம் தள்ளி வயல்ல பார்த்தா 217.05. அப்போ டிராப் 30.58!

27 நவம்பர் 2023

"வரப்பு குறுக்கால இருந்தா கணவாய் ஏன் உசரணும், சுத்திப் போயிடலாமே"ன்னு ஒரு கேள்வி. சரியான கேள்வி, நான் தெளிவா சொல்லல.

கணவாயில ரெண்டு வழி சந்திக்குது. குன்றுல இருந்து குன்றுக்குப் போற வழிக்கு அதுதான் மிகத் தாழ்வான இடம், பள்ளத்தாக்குல இருந்து பள்ளத்தாக்குக்குப் போற வழிக்கு அதுதான் மிக உசந்த இடம். வரப்பு குன்றுக்குக் குன்று ஓடினா அதுமேல நடந்து நீங்க தாழ இறங்காமலே போயிடலாம், அதனால கணவாய் உசரும், டிராப் குறையும். அதுவே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஒரு ரோடோ ரயிலோ வெட்டிப் போயிருந்தா கணவாய் தாழும், டிராப் கூடும்.

அதுக்குப் பெரிய உதாரணம் டலெர்திக். மிட் வேல்ஸ்ல, ஸெவர்ன் பக்கம் ஓடற தண்ணிக்கும் டவி பக்கம் ஓடற தண்ணிக்கும் நடுவுல இருக்கற மேட்டை 1860கள் தொடக்கத்துல கான்ட்ராக்டர் டேவிட் டேவிஸோட ஆளுங்க 120 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி ரயில் விட்டாங்க, நியூடவுன் மக்கின்லெத் பாதை, 1863 ஜனவரியில திறந்தது. அன்னைக்கு உலகத்துலயே ஆழமான ரயில் வெட்டு அதுதான். லைடாரை அப்படியே நம்பினா அந்தத் தண்டவாளமே கணவாய் ஆயிடும், மனுஷன் வெட்டின பள்ளத்துக்காக ஒரு மேட்டுக்கு 37 மீட்டர் சும்மா கிடைச்சிடும். வெட்டறதுக்கு முன்னாடி நிலம் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு கரையையும் சேர்த்துக் கற்பனைக் கோடு போட்டுத்தான் பார்க்கணும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கற்பனை கிடையாது.

3 டிசம்பர் 2023

உச்சி பத்தி யாருமே கேட்கலையேன்னு பார்த்தேன், கேட்டுட்டாங்க. "மனுஷன் போட்ட மண்ணைக் கழிக்கணும்னா புதைமேட்டையும் கழிப்பீங்களா?"

கார்டிஃப் பக்கம் கார்த் மலை தெரியுமா, 307 மீட்டர். அதோட உச்சியில சர்வே தூண் நிக்கறது வெண்கலக் காலத்துப் புதைமேட்டு மேல. மேட்டைக் கழிச்சா உச்சி எங்க? ப்ரெஸெலி மலையில வோயில் ட்ரிகார்ன், 363 மீட்டர், பேரே மூணு கற்குவியல் குன்றுன்னு வரும், மேல மூணு பெரிய கற்குவியல் இருக்கு, அதுவும் வெண்கலக் காலம். பட்டியல்காரங்க இதுல ஒரே பேச்சு பேசறது இல்ல.

என் மனசுல இருக்கறது இதுதான்: மூவாயிரம் நாலாயிரம் வருஷமா அங்க கிடக்கற மேடு அந்த மலையோட உடம்பு ஆயிடுச்சு. போன வருஷம் டூரிஸ்ட் அடுக்கின கல்லு ஆகல. ஆனா 200, 250 வருஷ க்ளவ்த்? அதுக்குக் கோடு எங்க போடறது? ரெண்டு வாரமா யோசிக்கறேன்.

3 டிசம்பர் 2023, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. என் குன்று டம்ப் ஆச்சுன்னு எனக்கு சந்தோஷம், அதனால க்ளவ்த்தைக் கழிக்கணும்னு வாதாடறேனான்னு என்னையே கேட்டுக்கறேன். வரப்பு உச்சியில இருந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேனோ? விதியை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் அளக்கணும். நான் அளந்துட்டு விதி தேடறேன். இது சரியில்ல.

21 ஜனவரி 2024

சவுத் வேல்ஸ் நிலக்கரிக் கழிவு மேடுகளையும் டம்ப் பட்டியல்ல சேர்க்கலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், டிராப் கணக்குக்கு அது அழகா பொருந்துதாம்.

சேர்க்கக் கூடாதுன்னு நினைக்கறேன். 1966 அக்டோபர் 21, ஆபர்வான். ஊருக்கு மேல கொட்டி வெச்சிருந்த கழிவு மேடு தண்ணி ஊறிச் சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேலயும் வீடுங்க மேலயும் விழுந்து 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க. 2020 பிப்ரவரியில டென்னிஸ் புயல்ல டைலர்ஸ்டவுன்ல இன்னொரு மேடு சரிஞ்சது, நல்லவேளை யாரும் சாகல. அதுக்கப்புறம்தான் பழைய மேடு எல்லாத்தையும் கணக்கெடுத்தாங்க, 2,000க்கும் மேல வந்துச்சு. நாம குன்று பார்க்கற இதே லேசர் டேட்டா அந்த மேடுகளோட உருவத்தையும் காட்டுது, ரெண்டு வருஷத்து பரப்பை ஒண்ணுல ஒண்ணு கழிச்சா எங்க மண்ணு நகர்ந்திருக்குன்னு தெரியும். அந்த வேலைக்கு அது இருக்கட்டும். அந்தப் பள்ளத்தாக்குல குடியிருக்கறவங்க பயந்து பார்க்கற ஒண்ணை நான் மேல ஏறி டிக் அடிக்க மாட்டேன்.

11 பிப்ரவரி 2024

என் குன்றுக்கே திரும்ப வர்றேன், இந்தத் தடவை உச்சி.

பாயின்ட் கிளவுடை, அதாவது லேசர் பட்டுத் திரும்பின ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியா வாங்கிப் பார்த்தேன். உச்சியில புள்ளிகள் தரை மாதிரி வழவழன்னு இல்ல, கொசகொசன்னு ஒரு அரை மீட்டர் தடிமன்ல இருக்கு. நேத்து மறுபடி போனேன். கார்ஸ்! மஞ்சப் பூ பூக்கற முள்ளுப் புதர், வெல்ஷ்ல ஐதின். இடுப்பளவு, கை விட முடியாத நெருக்கம். லேசர் உள்ள நுழைஞ்சு தரையைத் தொடவே இல்ல, புதர்ல பாதியிலேயே திரும்பியிருக்கு, தரையைப் பிரிக்கற ஃபில்டர் "இதான் தரை போல"ன்னு எடுத்துக்கிச்சு. முட்டி போட்டு உள்ள புகுந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன், கையெல்லாம் கிழிஞ்சு போச்சு, 40 சென்டிமீட்டருக்கும் மேல கீழ இருக்கு தரை. உச்சி 247.20 பக்கம்தான்.

அப்போ டிராப் 247.20ல 217.05 போக, 30.15.

29.92, 30.58, 30.15. குன்று அப்படியே இருக்கு, மூணு மாசத்துல மூணு எண்ணு.

12 பிப்ரவரி 2024

புதர் மட்டும் இல்ல, வேற என்னென்ன ஏமாத்தும்னு கேட்டிருக்காங்க. ஸிட்கா ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத் தோப்பு ரொம்ப மோசம், உள்ள பகல்லயே இருட்டா இருக்கும், லேசர் மட்டும் எப்படிப் போகும், எங்கயோ ரெண்டு புள்ளி தரையைத் தொட்டிருக்கும், நடுவுல எல்லாம் முக்கோணம் போட்டு நிரப்பினது. ப்ராக்கன் பெரணி கோடையில ஆள் உசரம், அதான் குளிர்காலத்துல பறக்கறது. பாறை உச்சி வேற தினுசு: ஊசி மாதிரி நீட்டிட்டு இருக்கற கல்லை ஃபில்டர் மரம்னு நினைச்சு வெட்டிடும், இல்லைன்னா ஒரு மீட்டர் கட்டத்துக்குள்ள அந்த நுனி சிக்காமலே போயிடும். புதர் உச்சின்னா எண்ணு கூடி வரும், பாறை உச்சின்னா குறைஞ்சு வரும்னு ஞாபகம் வெச்சுக்குங்க. புல்லு மேய்ஞ்ச மொட்டைக் குன்றுன்னா லைடாரை அப்படியே நம்புங்க, வேல்ஸ்ல ஆடு புண்ணியத்துல அதுதான் நிறைய.

30 மார்ச் 2024

சின்ன விஷயம். பேர் தேடறவங்க மோயில்னும் தேடணும், வோயில்னும் தேடணும். ரெண்டும் ஒரே சொல்லு, மொட்டைக் குன்றுன்னு அர்த்தம். முன்னாடி வர்ற சொல்லைப் பொறுத்து முதலெழுத்து மாறும், மினித் வினித் ஆகும், கற்குவியல்னு அர்த்தம் வர்ற கார்ன் கூட c எழுத்து g ஆகி வரும். நம்ம புணர்ச்சி விதி மாதிரி, ஆனா இவங்களுக்கு மாற்றம் சொல்லோட தலையில. இது தெரியாம நான் ஒரு வருஷம் பாதிப் பேரைத் தவற விட்டிருக்கேன்.

18 மே 2024

ஆட்டோ லெவல், அதாவது மட்டம் பார்க்கற சர்வே கருவி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன், அஞ்சு மீட்டர் ஸ்டாஃபும், அதாவது அதுல பார்த்துப் படிக்கற அளவுக்கோல். வீட்டுல அம்மணி ஒரு பார்வை பார்த்தா, அப்புறம் "ஸ்டாஃப் நான் புடிக்கறேன்"னுட்டா.

கணவாயில க்ளவ்த்துக்குப் பக்கத்து வயல்ல ஆரம்பிச்சோம். பின்னால ஒரு ரீடிங், முன்னால ஒரு ரீடிங், லெவலைத் தூக்கு, மேல போ. சரிவுல ஒரு தடவை வெச்சா ரெண்டே முக்கால் மீட்டர்தான் ஏற முடியும். போக 11 தடவை, திரும்பி வர 12. 2002லயோ என்னவோ சர்வே கேம்ப்ல வெயில்ல நின்னு பண்ணின அதே வேலை, அங்க வேர்த்துச்சு, இங்க காத்துல ஸ்டாஃப் ஆடிச்சு. உச்சியில பண்ணைக்காரர் புதரை ஒரு ஓரமா வெட்டி விட்டிருந்தார், கேட்காமலே. நல்ல மனுஷன்.

கிளம்பின இடத்துக்குத் திரும்பி வந்து மூடினப்ப வித்தியாசம் 1.6 சென்டிமீட்டர். டிராப் 30.11.

லைடார்ல புதரையும் வரப்பையும் கையால கழிச்சப்ப வந்தது 30.15. நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அப்போ லேசர் பொய் சொல்லல, எதைத் தரைன்னு எடுத்துக்கணும்னு அதுக்கு நான் சொல்லல, அவ்ளோதான்.

19 மே 2024

"வெல்டன், டம்ப் ஆயிடுச்சு"ன்னு எழுதினவங்களுக்கு நன்றி. ஆனா க்ளவ்த் மேல ஸ்டாஃப் வெச்சும் படிச்சேன், வயலைவிட 70 சென்டிமீட்டர் உசரம். க்ளவ்த்தை நிலம்னு எடுத்துக்கிட்டா டிராப் 29.41, குன்று பட்டியல்ல இல்ல. அளவுல சந்தேகம் தீர்ந்துடுச்சு, எதை அளக்கறதுங்கறதுலதான் இன்னும் இருக்கு.

23 ஜூன் 2024

இது கொஞ்சம் வேற பக்கம் போகுது, மன்னிச்சுக்குங்க. போன வாரம் கிரிக்ஹவல் வழியா வந்தோம். அங்க க்வெர்ன்வேல்னு ஒரு பழைய வீடு, பின்னாடி ஹோட்டல் ஆச்சு, எவரெஸ்ட் சிகரத்துக்கு யார் பேரை வெச்சாங்களோ அந்த ஜார்ஜ் எவரெஸ்ட் குடும்பத்தோடது. 1802ல லாம்டன் பரங்கிமலை பக்கத்துல சங்கிலி போட்டு ஏழரை மைல் அடிக்கோடு அளந்து ஆரம்பிச்ச பெரிய இந்திய சர்வேயை அவருக்கு அப்புறம் நடத்தினவர் இந்த எவரெஸ்ட்தான். நான் பஸ்ல போகும்போது எத்தனையோ தடவை பரங்கிமலையைப் பார்த்திருக்கேன், அங்க ஆரம்பிச்ச கோட்டோட இன்னொரு முனையை இங்க ஒரு ரோட்டோரத்துல பார்ப்பேன்னு நினைக்கல. கொஞ்ச நேரம் காரை நிறுத்திட்டு நின்னேன்.

8 செப்டம்பர் 2024

பெரிய மலையில இந்த மாதிரி எல்லைச் சண்டை வந்தா செய்தியில வரும். 2008ல மூணு பேர் நல்ல ஜிபிஎஸ் எடுத்துட்டுப் போய் நாண்ட்லே பக்கம் மினித் க்ரைக் கோஹ் அளந்தாங்க, 609.75, அதாவது 2,000 அடியை ஆறு அங்குலம் தாண்டிச்சு. 2010ல க்ளிடர் வவுர், மேப்புல 999 மீட்டர், அளந்தா ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. மூணு பேர்ல ஒருத்தரான மிர்தின் ஃபிலிப்ஸ் சின்னக் குன்றுகளையும் அதே அக்கறையோட அளக்கறார், பேரும் விசாரிக்கறார், எனக்கு வழி காட்டினது அந்த வேலைதான்.

சின்னக் குன்றுக்கு ஃபோட்டோ எடுக்க யாரும் வர மாட்டாங்க. அதனாலதான் நாம சரியா பண்ணணும்னு தோணுது.

17 நவம்பர் 2024

க்ளவ்த் விஷயத்துல ஒரு வழியா முடிவுக்கு வந்தேன், எப்படின்னா பேரைத் தேடப் போனப்ப.

1836 சட்டத்துக்கு அப்புறம் தசமபாக வரிக்காக ஊர் ஊரா வயல் வயலா மேப் போட்டாங்க, வேல்ஸ் பூராவுக்கும் உள்ளதை ஆபரிஸ்ட்வித் தேசிய நூலகம் ஆன்லைன்ல வெச்சிருக்கு, வயல் பேரோட. என் கணவாய் இருக்கற இடத்தைத் தேடினேன். இப்போ வரப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வயல். அந்த மேப்புல ஒரே வயல், குறுக்கே கோடே இல்ல. பேரு கைர் வோயில், மொட்டைக் குன்று வயல்.

ஆக வரப்பு 1840களுக்கு அப்புறம் வந்தது. அந்த வயலுக்குப் பேரு வெச்சவங்க கண்ணுக்கு குன்று வரப்பு இல்லாமத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கு இது போதும், க்ளவ்த்தைக் கழிக்கறேன். இதே அளவுகோலை இனிமே எல்லாக் குன்றுக்கும் வெப்பேன், அதுல எனக்குப் பிடிச்ச குன்று விழுந்தாலும் சரி. புதைமேடு நிக்கும், ரயில் வெட்டு நிக்காது, வரி மேப்புக்கு அப்புறம் வந்த வரப்பு நிக்காது.

1 டிசம்பர் 2024

பண்ணைக்காரர்கிட்ட போய் சொன்னேன். குன்றுக்கு என்ன பேர் சொல்லுவீங்கன்னு அப்போதான் முதல் தடவையா கேட்டேன், ஒரு வருஷம் கழிச்சு. "இ வோயில்"ன்னார், வேற என்னன்னு சொல்றதுங்கற மாதிரி.

பட்டியலுக்கு அனுப்பினது: பேர் இ வோயில், உயரம் 247.2, டிராப் 30.1. பண்ணைக்காரருக்கு மீட்டர் வேணாம், அடியில சொல்லுன்னார். 811ன்னேன். "எங்கப்பா எண்ணூறுன்னு சொல்லிட்டு இருந்தார்"ன்னுட்டு ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிட்டார்.